எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

"தனியா ஒரு லைன் இழுத்துட்டா சத்தம் சுத்தமாயிருமுங்களா?"

"ஆயிருமுன்னுதான் கருப்புசாமி சொல்றான். மிஷினுக்கு ஒரு லைன், பாட்டுப் பொட்டிக்கு ஒரு லைன். அங்க மோட்டாரப் போட்டா இங்க ஒரு ஈ கூடக் கத்தாதாம்."

"அப்பொ நானும்..."

"நானும்? என்ன நானும்?"

"ஒண்ணுமில்லீங்க. மோர் கொண்டாரட்டுங்களா?"

அன்று அந்தப் பேச்சு மோரோடு முடிந்துபோயிற்று. சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு அவள் கணவன் பொங்கியண்ணன் சின்ன ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மயிலாத்தாள் காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூன்று வருடமாக யோசிக்கிறாள். 'நானும் உங்களோட உக்காந்து கேக்கட்டுங்களா?' அவ்வளவுதான். கட்டிய புருஷனிடம் கேட்கக் கூச்சப்படும்படி அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்கவில்லை.

ஊத்துக்குளி ரோட்டில் அவர்களுடைய வீடும் பனியன் கம்பெனியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. முன்னால் வீடு, நடுவில் வாசல், அதற்கு அந்தப் பக்கம் நிட்டிங் மிஷின்கள் ஓடும் ஷெட். வாசலில் நின்று பேசுகிறவர்கள் ஒருவர் காதருகில் ஒருவர் குனிந்துதான் பேச வேண்டும். விருந்துக்குப் புதிதாக வரும் உறம்பரைகளுக்கு அது சிரிப்பாக இருக்கும். மயிலாத்தாளுக்கும் கல்யாணமான புதிதில் சிரிப்பாகத்தான் இருந்தது. பொங்கியண்ணன் காதருகில் குனிந்து, "சோறு ஆச்சா?" என்று கேட்பதைக்கூட ஏதோ ரகசியம் போலக் கேட்பான்.

அவர்களுக்கு ஒரே மகள். சுப்பாத்தாள் என்று அவனுடைய அம்மாவின் பெயரை வைத்து, சுப்பு என்று கூப்பிட்டார்கள். நூல் தீர்ந்த காகிதக் கோன்களைப் பொறுக்கிவந்து, வாயில் வைத்து ஒலிபெருக்கி போல வாசலின் இந்த முனையிலிருந்து, "அப்பா... சாப்புட வாங்க..." என்று கத்துவாள். அத்தனை இரைச்சலிலும் அது அவனுக்கு எப்படியோ கேட்டுவிடும். மிஷினை விட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டுவான்.

ஐந்து வயதில், ஒரு மழைக்காலத்து முற்பகலில், சின்ன ரூமில் படுத்திருந்த சுப்புவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டு நாளாகக் காய்ச்சல். சாதாரண சளிதான் என்று நினைத்திருந்தார்கள். மயிலாத்தாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து புருஷனைக் கூப்பிட்டாள். கல்கத்தா ஆர்டருக்காக ஷெட்டில் எல்லா மிஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மடிப்பு வேலை பார்க்கும் பழனியம்மாள் தற்செயலாக வெளியே வந்து பார்த்து, ஓடிப்போய் அவன் தோளைத் தட்டியபிறகுதான் திரும்பினான். டாக்டர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

"முன்னாடியே வந்திருந்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். அந்த வார்த்தையை இருவரும் கேட்டார்கள். ஆளுக்கொரு விதமாக அதை வீட்டுக்கு எடுத்துவந்தார்கள். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

பொங்கியண்ணன் அழவும் இல்லை. எழவுக்கு வந்த குண்டடத்துப் பெரியம்மா, "கல்லு மனசுக்காரன் சாமி" என்று மூக்கைச் சிந்தினாள். காரியம் முடிந்ததும் மறுபடி மிஷின்கள் ஓடின. அன்றிலிருந்து சுப்பு என்ற பெயரை அவன் வாயால் யாரும் கேட்டதில்லை. மயிலாத்தாள் ஒருமுறை, சோறு போடும்போது, "சுப்புவோட பாவாடையெல்லாம் கணியூருக்கு, எங்க அக்கா புள்ளைக்குக் குடுத்தரட்டுங்களா?" என்று கேட்டாள். அவன் இலையை மடித்துவிட்டு எழுந்துபோனான். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அதன்பிறகு அவளும் அந்தப் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டாள்.

அந்த வருடம்தான் ரேடியோகிராம் வந்தது. கோயமுத்தூரிலிருந்து நூல் லாரியில், கோன் பெட்டிகளுக்கு நடுவே சாக்குச் சுற்றி வந்து இறங்கியது. பளபளவென்று மெருகேற்றிய மரப்பெட்டி. ஒரு பக்கம் ரேடியோ, மறுபக்கம் மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு. நான்கு பேர் தூக்கி அதைச் சின்ன ரூமில் வைத்தார்கள். வீட்டின் அந்தக் கடைசியில், ஜன்னலை அடைத்துவிட்டால் ஷெட்டுச் சத்தம் மெலிதாகத்தான் கேட்கும். சாயங்காலம், பொழுதோடு, ஷெட்டில் இரண்டாம் ஷிஃப்டு ஆரம்பித்ததும் அவன் குளித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

அவனிடம் இருந்த தட்டுகளில் பெரும்பாலும் நாதசுரம். ஆனால் ஒன்றையும் நிம்மதியாகக் கேட்க முடியவில்லை. வீட்டுக்கும் கம்பெனிக்கும் அப்போது ஒரே லைன். ஷெட்டில் ஒரு மோட்டாரைப் போட்டால் இங்கே விளக்கு மங்கும். தட்டு தளர்ந்து, நீண்டு போய்க்கொண்டிருக்கும் சுரம் வயிற்றுவலிக்காரன் முனகுவது போலக் கீழே இறங்கும். மோட்டாரை நிறுத்தினால் 'படக்' என்று ஒரு வெடி. இரண்டும் இல்லாதபோதும் பாட்டுக்கு அடியில் ஓர் இரைச்சல், மூடிய ஜாடிக்குள் வண்டு சுற்றுவது போல, ஓயாமல் இருக்கும். தட்டு முடிந்த பிறகும் அது மட்டும் நிற்காது.

பொங்கியண்ணனுக்கு அந்த இரைச்சல் ஆகவே ஆகாது. மிஷின் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதற்கென்ன இவ்வளவு கோபம் என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள். மயிலாத்தாளுக்கு அது புரிந்தது.

வயர்மேன் கருப்புசாமிதான் தனி லைன் யோசனையைச் சொன்னவன். போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கென்று தனி சர்வீஸ், அதிலிருந்து சின்ன ரூமுக்கு மட்டும் தனி வயர், தனி ஃபியூஸ். ரூமின் வெளிச்சுவரை ஒட்டி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு குழி தோண்டி, குழாயை நிறுத்தி, கரியும் உப்புமாக மாற்றி மாற்றிப் போட்டு மூடினான். குழாயின் வாயில் ஒரு புனல்.

"எர்த்துங்க இது. வெயில் காலத்துல தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்தோணும். காஞ்சுதுன்னா இரைச்சல் திரும்பி வந்துரும்" என்றான் கருப்புசாமி.

"ஊத்தலாம், ஊத்தலாம். மொதல்ல சுவிட்சப் போடு" என்றான் பொங்கியண்ணன். அத்தோடு குழியை மறந்துபோனான்.

அன்று மாலை மயிலாத்தாள் அடுப்படியில் இருந்தாள். நாதசுரம் ஆரம்பித்தபோது யாரோ வாசலில் வந்து உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். சுரங்கள் தொய்யவில்லை. வண்டு இல்லை. வாசிக்கிறவர் ஒரு சுற்று முடித்து மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு சின்ன ரூம் கதவருகே வந்தாள். இப்போது கதவைத் தட்டி, உள்ளே வரட்டுமா என்று கேட்டுவிடலாம் என்றுதான் வந்தாள்.

அதற்குள் தட்டு முடிந்தது. முன்பெல்லாம் அந்த இடைவெளியை இரைச்சல் நிரப்பிவிடும். அன்று ஒன்றுமில்லை. அந்த வெறுமையில், கதவுக்கு அந்தப் பக்கம், அவளுடைய புருஷன் அழுதுகொண்டிருந்தான். சத்தம் வராமல் இருக்க வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுகிறவனின் அழுகை அது. இத்தனை நாளும் அழுதிருக்கிறான். இரைச்சல் மறைத்திருக்கிறது. அந்த மறைப்பு இல்லாமல் போனது அவனுக்குத் தெரியவில்லை.

தட்டுவதற்குத் தூக்கிய கையை மயிலாத்தாள் இறக்கிக்கொண்டாள். ஓர் ஆண்பிள்ளை யாருக்கும் தெரியாமல் அழ ஒரு ரூம் வைத்திருக்கிறான். அதைப் போய்த் தட்டித் திறப்பதா?

அடுத்த சித்திரையில் வண்டு திரும்பி வந்தது. பொங்கியண்ணன் கதவைப் படாரென்று திறந்துகொண்டு ஷெட்டுக்கு ஓடினான். "எவன்டா வீட்டு லைன்ல கை வெச்சவன்?" என்று இரண்டு பேரைத் திட்டிவிட்டு வந்தான். மயிலாத்தாளுக்குக் கருப்புசாமி சொன்னது நினைவு வந்தது. துவைக்கிற கல்லருகே போய்ப் புனலில் ஒரு குடம் உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். கடகடவென்று குடித்தது குழி. இன்னொரு குடம் ஊற்றினாள். மறுநாள் மாலை பாட்டு சுத்தமாக இருந்தது.

அன்றிலிருந்து அது அவள் வேலையாயிற்று. அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு எப்போதும் பஞ்சம்தான். குடிக்கிற தண்ணீர் வண்டியில் வந்தது. உப்புக் கிணறும் கோடையில் சேறு தட்டும். தனக்குக் குளிக்க எடுத்துவைத்ததில் ஒரு குடத்தைக் குறைத்துக் குழிக்கு ஊற்றுவாள்.

பழனியம்மாளின் வாய் சும்மா இருக்காது. "ஏனுங்க அம்மிணி, செடியுமில்ல கொடியுமில்ல, தெனமும் தண்ணி ஊத்தறீங்களே, கரண்டு மொளச்சு பூப் பூக்குமுங்களா?"

"பூத்தா உனக்குத்தான் மொதப் பூ. தலையில வெச்சுக்கோ."

"வேண்டாஞ் சாமி. ஏற்கெனவே எம் புருசன் தொட்டாலே ஷாக்கு அடிக்குதுங்கறான்."

மயிலாத்தாள் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்தபோது, ரூமின் ஜன்னல் அடைத்திருப்பதைப் பார்த்தாள். பாட்டு கேட்கும் நேரத்தில் ஷெட்டு இரைச்சல் வரக்கூடாதென்று அவன் அதையும் அடைத்துவிடுவான்.

காலையில் அவன் காதர்பேட்டையில் இருந்த தன் குடோனுக்குப் போனபிறகு அவள் அந்த ரூமைக் கூட்டுவாள். ஒரே ஒரு நாற்காலி. ரேடியோகிராமின் மேல் ஒரு காகிதக் கோன், வாய்ப்பக்கம் பல் பட்டு நைந்தது. அதைத் தூக்கி, அடியில் தூசி துடைத்து, அதே இடத்தில் வைப்பாள். மாலையில் அவன் அதைப் பார்ப்பான். அவள் துடைத்து வைத்தாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் வைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். மாலையானால் கதவு சாத்திக்கொள்ளும்.

இப்படியே போயிருக்கும். இந்த வருடம் சுப்பு பிறந்த நாள் வந்தது. பங்குனி உத்திரத்துக்கு முன்தினம். காலையிலிருந்து மயிலாத்தாள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதாவது சொல்வான், குறைந்தது கோயிலுக்காவது கூப்பிடுவான் என்று ஒரு நினைப்பு. சாப்பிட்டான். போனான். வந்தான். பொழுதோடு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் கதவுக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்தாள். தட்டு முடிந்தது. அழுகை கேட்குமென்று நினைத்தாள். பேச்சுக் குரல் கேட்டது.

"சுப்பு... அப்பனுக்குக் கேக்கலடா கண்ணு. நெசமாவே கேக்கல. இன்னொருக்காக் கூப்புடு, சுப்பு. இப்பக் கேக்கும்."

மயிலாத்தாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். முதலில் பாவமாக இருந்தது. பிறகு, அவளே எதிர்பாராமல், கோபம் வந்தது. சுப்பு என்கிறான். மூன்று வருடமாகத் தன்னிடம் ஒரு தரம் சொல்லாத பெயரை அந்த மரப்பெட்டியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். பெற்றவள் இங்கே சுவரோரம், வேலைக்காரி போல உட்கார்ந்திருக்க, மகளைப் பற்றிய பேச்செல்லாம் உள்ளே நடக்கிறது. அந்த ரூமில் பாட்டு சுத்தமாக ஒலிக்க இவள் குளிக்காமல் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மறுநாள் குடத்தை நிரப்பினாள். துவைக்கிற கல்வரைக்கும் கொண்டுபோனாள். திரும்பிக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டிவிட்டாள்.

அந்தப் பங்குனி வெயிலில் குழி காய அதிக நாளாகவில்லை. முதலில் தட்டின் ஆரம்பத்தில் மட்டும் லேசாக ஓர் இரைச்சல். பிறகு நடுவிலும். பிறகு வண்டு முழு வண்டாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. பொங்கியண்ணன் ஊசியை மாற்றினான். இரண்டாம் ஷிஃப்டையே இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தான். தன் மிஷின்கள் நின்றாலும் அக்கம்பக்கத்துக் கம்பெனிகள் நிற்குமா? சோறு இறங்கவில்லை. ராத்திரிகளில் கண் சிவந்து கிடந்தான்.

அவள் நினைத்தது வேறு. பாட்டு கெட்டால் வெளியே வருவான், வெளியே வந்தால் தன் பக்கத்தில் உட்காருவான் என்று நினைத்தாள். வெளியே வந்தான்தான். வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்:

"காதர்பேட்டைக் குடோன்ல மாடி ரூம் சும்மாத்தான் கெடக்குது. அங்க மோட்டாரே கெடையாது. பாட்டுச் செட்ட அங்க கொண்டுபோயிர்றேன். பொழுதோட அங்கயே இருந்துட்டு வந்தர்றேன்."

மயிலாத்தாள் சொம்பை வாங்கிக்கொண்டாள். அங்கே போய்விட்டால் சுவரோரம்கூட மிஞ்சாது. உள்ளே அழுகிறான் என்று தெரிவதுகூட இனி இருக்காது. தன் கோபத்தால் தானே அதைத் தள்ளிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். உடனே போய் ஒரு குடம் ஊற்றலாம் என்று எழுந்தாள். எழுந்தவள் உட்கார்ந்துவிட்டாள். ஊற்றினால் மறுபடி கதவு சாத்திக்கொள்ளும். ஊற்றாவிட்டால் ரூமே போய்விடும்.

அவள் அப்படியே இருக்க, மறுநாள் மதியம் கருப்புசாமி செட்டைக் கழற்ற வந்துவிட்டான். கழற்றுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று ஃபியூஸைப் பிடுங்கிப் போட்டான். கூரையில் ஏறி வயரைத் தடவினான். செட்டின் முதுகைத் திறந்து வால்வுகளை ஒவ்வொன்றாக ஆட்டினான்.

"வால்வு போயிருக்குமுங்க" என்றான்.

"போன மாசம்தான நீ மாத்துன?"

"அப்பொ வால்வு இல்லீங்க. போஸ்ட்லயே என்னமோ..."

"நீ வயர்மேனா, ஜோசியகாரனா?" என்றான் பொங்கியண்ணன் கடுப்போடு.

வாசலில் பனியன் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போன பழனியம்மாள் நின்றாள். ஊர் நாயம் பேசாமல் எதையும் அவளால் தாண்டிப் போக முடியாது.

"ஏனுங்க மொதலாளி, இரைச்சலுக்கா இத்தன ரோதனை? அம்மிணி ஒரு வாரமா அந்தக் குழிக்குத் தண்ணியே ஊத்தறதில்லீங்களே. அதக் கேட்டீங்களா?"

கருப்புசாமி நெற்றியில் அடித்துக்கொண்டான். "அட, அந்தக் குழிய நான் பாக்கவே இல்லீங்களே!" துவைக்கிற கல் பக்கம் ஓடினான். புனலைச் சுற்றி மூன்று வருடமாகப் பச்சென்று வளர்ந்திருந்த புல் இப்போது பழுத்துக் கிடந்தது. மண் பாளமாக வெடித்திருந்தது.

பொங்கியண்ணன் அந்தப் புல்லைப் பார்த்தான். பிறகு அடுப்படி வாசலில் நின்றிருந்த மனைவியைப் பார்த்தான். அருகில் போய்க் காதோடு குனிந்தான்.

"நீயா ஊத்திட்டிருந்த?"

"ஆமாங்க."

"இத்தன வருசமாவா? எங்கிட்டச் சொல்லவே இல்லியே புள்ள."

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்பறம் ஏன் நிறுத்துன?"

மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பழனியம்மாள் கட்டை இறக்காமலே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மயிலாத்தாள் உள்ளே போய்க் குடத்தை எடுத்துவந்தாள். புனலில் ஊற்றினாள். குழி குடித்தது. இன்னொரு குடம். தொட்டியில் தனக்கிருந்த தண்ணீர் முழுவதையும் கொண்டுவந்து ஊற்றினாள்.

கருப்புசாமி சாமானைக் கட்டிக்கொண்டான். "செட்டுக் கழட்ட வேண்டியதில்லீங்க. பொழுதோட போட்டுப் பாருங்க, சுத்தமாயிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினான். போகும்போது பழனியம்மாளிடம், "நீ வயரிங் வேலைக்கு வந்திரு அக்கா, நான் மடிப்புக்குப் போயிர்றேன்" என்றான்.

"உம்பட மடிப்ப யாரு பிரிச்சு மடிக்கறது?" என்றபடி அவளும் ஷெட்டுக்குள் போனாள்.

பொழுது சாய்ந்தது. பொங்கியண்ணன் குளித்துவிட்டு வந்தான். அடுப்படியைக் கடக்கும்போது நின்றான். கவிழ்த்து வைத்திருந்த காலிக் குடத்தைப் பார்த்தான். சின்ன ரூமுக்குள் போனான். ஜன்னலை அடைத்தான். செட்டைப் போட்டதும் பச்சை விளக்கு மெல்ல மலர்ந்தது. வண்டின் முனகல் எங்கோ தூரத்தில் கேட்பது போல ஒடுங்கி, பிறகு இல்லாமலே போயிற்று. தட்டை எடுத்து வைத்தான். கதவைச் சாத்தத் திரும்பினான்.

கதவு பாதியில் நின்றது. பலகையின் மேல் மயிலாத்தாளின் கை இருந்தது. தண்ணீர் ஊற்றிய ஈரம் இன்னும் சேலையில் காயவில்லை.

"என்ன புள்ள?"

'மோர் கொண்டாரட்டுங்களா' என்றுதான் அவள் வாயில் வந்தது. அதை விழுங்கினாள்.

"கேட்டீங்களே, ஏன் நிறுத்துனேன்னு. தனி லைன் இழுத்ததுலிருந்து எனக்கு எல்லாமே கேக்குதுங்க. நீங்க அழுவறது கேக்குது. நீங்க அவளக் கூப்புடறது கேக்குது."

பொங்கியண்ணனின் கை கதவிலிருந்து நழுவியது. அவனுக்குப் பின்னால் தட்டு சுழன்றுகொண்டிருந்தது. ஊசி இன்னும் இறங்கவில்லை. ரூமுக்குள் சத்தம் என்று ஒன்றுமே இல்லை.

"இந்தக் கதவச் சாத்தாதீங்க" என்றாள் மயிலாத்தாள். "எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க. நானும் உங்க பக்கத்துல உக்காரோணும். அவ பேர எங்கிட்டயும் சொல்லுங்க."